நொய்யல் கரையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர்: வாங்கலாமா?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவற்றின் அளவைக் காட்டுவது டி.டி.எஸ். மீட்டர். பேனா அளவில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நல்ல கருவி. ஆற்றை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்களும், கிணற்றை நம்பிப் பயிர் செய்பவர்களும், மாடு வளர்ப்பவர்களும் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதன் திரையில் வரும் எண்ணை மட்டும் காட்டி ஆறு சுத்தமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்த மாதம், மழை பெய்து எத்தனை நாள், ஆற்றில் எந்த இடம் என்ற மூன்றையும் கேளுங்கள். அவை இல்லாத எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இந்தக் கருவியைப் பற்றி நான் படித்த விமர்சனங்களில் எல்லாம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீரைத்தான் அளந்து காட்டியிருந்தார்கள். ஓர் ஆற்றோடு எல்லாப் பருவங்களிலும் வைத்துப் பார்த்தவர்கள் எழுதியது என் கண்ணில் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் திருப்பூருக்குக் கீழே, நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தென்னை, தீவனச் சோளம், கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொளுக்கட்டைப் புல், சில காங்கேயம் மாடுகள், இவைதான் பிழைப்பு. என் மாமனார் காலத்தில் மஞ்சளும் வாழையும் விளைந்த மண் இது. அணையைக் கட்டி முடித்தது 1992-இல். ஈரோடு, கரூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பாயும் என்று சொல்லிக் கட்டினார்கள். அதே ஆண்டுகளில்தான் மேலே திருப்பூரில் பனியன் தொழில் பெருகியது. பாசனத் தண்ணீர் நிற்க வேண்டிய அணையில் சாயப்பட்டறைக் கழிவுநீர் வந்து நின்றது. பாய்ந்த வயலில் மண் வெள்ளை பூத்தது. கரையோரக் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பேறின. பாசன விவசாயிகளின் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் முடியாமல், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளையே மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் இயங்கலாம் என்ற நிபந்தனையோடு அவை பிறகு திறந்தன.

அந்த வழக்குக் காலம் முழுவதும் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்த எண் 2,100. ஆலைக் கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவை லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஆனால் அந்த எண்ணை நாங்களே அளந்து பார்க்க வழி இருக்கவில்லை. மாமனார் உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவார். "நேற்றைக்கு இது தேவலாம்" என்பார், அல்லது மடையை அடைக்கச் சொல்வார். கிணற்றுத் தண்ணீருக்கு அது ஓரளவு போதும். சாயமும் சாக்கடையும் கலந்த ஆற்றுத் தண்ணீரை நாக்கில் வைக்கச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஈரோட்டில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஆன்லைனில் இந்த மீட்டரை வாங்கித் தந்தாள்.

கருவியின் வேலை எளியது. மூடியைக் கழற்றினால் அடியில் இரண்டு சிறிய உலோக முனைகள். பட்டனை அழுத்தித் தண்ணீரில் இரண்டு விரற்கடை அளவு இறக்க வேண்டும். லேசாகத் தட்டி, முனைகளில் ஒட்டிய காற்றுக் குமிழ்களை உதிர்க்க வேண்டும். எண் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். ‘ஹோல்டு’ பட்டனை அழுத்தினால் எண் அப்படியே நிற்கும். வெளியே எடுத்துப் படித்துக்கொள்ளலாம். பெரும்பாலான கருவிகள் வெப்பநிலையையும் காட்டும்.

அது உப்பை எடை போடுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்றுதான் பார்க்கிறது. உப்பு அதிகமானால் கடத்தலும் அதிகமாகும். அந்தக் கடத்துத்திறனை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டுகிறது. சில கருவிகளில் அந்தப் பெருக்கு எண் 0.5, சிலவற்றில் 0.7. அதாவது 2,000 மைக்ரோசீமன்ஸ் கடத்துத்திறன் உள்ள அதே தண்ணீர் ஒரு கருவியில் 1,000 என்றும் இன்னொன்றில் 1,400 என்றும் வரும். இரண்டுமே பழுதில்லை. எங்கள் ஊரில் இரண்டு தோட்டத்துக்காரர்கள் இதை வைத்து மனஸ்தாபம் ஆகும் அளவுக்குப் போய்விட்டார்கள். ஆகவே கடத்துத்திறனையும் நேரடியாகக் காட்டும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பாசனத்துக்கான ஆற்றுநீருக்கு வைத்திருக்கும் வரம்பும் கடத்துத்திறனில்தான் இருக்கிறது: 2,250 மைக்ரோசீமன்ஸ்.

இந்தக் கருவியில் எனக்கு உண்மையான கோபம் ஒரு விஷயத்தில்தான். 999-ஐத் தாண்டினால் நான்கு இலக்கம் காட்டாது. மூன்று இலக்கத்தைக் காட்டி, ஓரத்தில் பொடி எழுத்தில் ×10 என்று மின்னும். நகரத்துக் குழாய்த் தண்ணீருக்கு இது தொந்தரவில்லை. அங்கே ஆயிரத்தைத் தொடுவது அபூர்வம். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் ஆயிரத்துக்குக் கீழே வருவதுதான் அபூர்வம். பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருநாள் மீட்டரை வாங்கித் தன் கிணற்று வாளியில் முக்கினார். திரையில் 212 என்று வந்தது.

"ஏன் அம்மிணி, டவுன் குழாய்த் தண்ணீரே முந்நூறு காட்டுகிறது என்றாய். என் கிணறு அதைவிடத் தேவலாம் போலிருக்கிறதே" என்றார். முகமெல்லாம் மலர்ச்சி.

நான் கண்ணாடியைக் கொடுத்து ஓரத்தைப் பார்க்கச் சொன்னேன். 2,120. வாளியைத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, "அப்படியானால் மஞ்சள் கிழங்கு வாங்க வேண்டாம்" என்றார். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும்; மஞ்சள் தாங்காது. வயதானவர்கள் கையில் கொடுக்கும் கருவியில் இவ்வளவு முக்கியமான குறியை இவ்வளவு சிறிதாகப் போடுவது பெரிய குறை. பரிசாகக் கொடுக்கிறவர்கள் இதை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு மற்றதைச் சொல்லுங்கள்.

இனி ஆற்றுக்கு வருகிறேன்.

சித்திரை, வைகாசியில் நொய்யலில் ஆறு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் ஊற்று மேலேயே சுருங்கிவிடும். வருகிற கொஞ்சத் தண்ணீரும் சித்திரைச்சாவடி போன்ற அணைக்கட்டுகளில் திரும்பிக் கோவையின் குளங்களுக்குப் போய்விடும். கோவையைத் தாண்டி ஆற்றுப் படுகையில் நகர்வது பெரும்பாலும் வீடுகளின் கழிவுநீர். திருப்பூரில் நல்லாறும் ஜம்மனைப் பள்ளமும் கொண்டுவருவதும் அதே மாதிரிதான். எங்கள் இடத்துக்கு வரும்போது அது ஓட்டமாக இருக்காது. பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாக நிற்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். அடுப்பில் மறந்துவிட்ட குழம்பு சுண்டுவது போலத்தான். ஒரே குட்டையை வாரம் தவறாமல் அளந்தால், யாரும் புதிதாக எதையும் ஊற்றாமலேயே எண் ஏறிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ஆற்றில் இரண்டாயிரத்தைத் தாண்டி எங்கள் மீட்டர் காட்டியதெல்லாம் இந்த மாதங்களில்தான்.

இந்தப் பருவத்தில் மீட்டரின் வெப்பநிலை எண்ணையும் பாருங்கள். யாரும் கவனிப்பதில்லை. தண்ணீர் சூடாகச் சூடாக அது பிடித்து வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 தான். இது சுத்தமான தண்ணீருக்குச் சொல்லும் கணக்கு. சாக்கடை கலந்த தண்ணீரில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதிலும் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். பாசி பகலில் கொஞ்சம் ஆக்சிஜன் விடும், இரவில் அதுவும் எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில்தான் மீன்கள் வாயை மேலே வைத்துத் தவிக்கும். குட்டையில் ஜிலேபிக் கெண்டைகள் அப்படி வரிசையாக வாய் திறந்து நிற்பதைப் பார்த்துவிட்டு மீட்டரை இறக்கினால், எண் முந்தின நாள் சாயங்காலம் காட்டியதேதான். மீனுக்கு மூச்சு இல்லை என்பது மீட்டருக்குத் தெரியாது.

அடுத்து, கோடையின் முதல் மழை. என்னைக் கேட்டால் வருடத்தில் மிக மோசமான நாள் இதுதான். எல்லாரும் மழை வந்துவிட்டது என்று மகிழும் நாளும் இதுதான். மாதக்கணக்கில் ஓடைகளில் காய்ந்து கிடந்த உப்பு, சாக்கடை வாய்க்கால்களில் படிந்த சேறு, தெருவில் வடிந்த எண்ணெய், குப்பை மேட்டின் சாறு, எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து வரும். மேலே மழை பெய்த மறுநாள் காலையில் பாலத்திலிருந்து வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி அளந்தேன். முந்தின நாள் குட்டையில் இருந்ததைவிட எண் கூடியிருந்தது. தண்ணீர் கறுப்பாக, நுரையோடு வந்தது. மதியம் எண் இறங்கத் தொடங்கியது. சாயங்காலம் பாதிக்கும் கீழே. காலையில் மட்டும் அளந்தவர் ஒரு கதை சொல்வார், சாயங்காலம் மட்டும் அளந்தவர் வேறொரு கதை சொல்வார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்வார்கள்.

மழை நேரத்தில் சாயக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகார் ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருகிறது. மழையோடு மழையாக விட்டால் கண்டுபிடிப்பது கடினம் என்பது உண்மைதான். ஆனால் முதல் மழையில் எண் ஏறியதை மட்டும் வைத்து இன்ன ஆலைதான் என்று கை நீட்ட முடியாது. காய்ந்து கிடந்த பழைய உப்பு கரைந்தாலும் எண் ஏறும். சந்தேகம் இருந்தால் மழை விட்டுப் பல நாள் ஆனபின், வானம் வெளுத்திருக்கும்போது, அதே இடத்தில் இரவிலும் அதிகாலையிலும் அளந்து பாருங்கள். மழையே இல்லாத இரவில் எண் திடீரென்று எகிறி, காலையில் இறங்கினால் அது பேச வேண்டிய விஷயம். அதை நேரத்தோடு எழுதி, நிறம் தெரியும்படி வெள்ளை வாளியில் படம் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக்கொடுக்கலாம். இந்த மீட்டர் விவசாயிக்குத் தரும் உண்மையான பலம் இதுதான்.

ஆடியில் கோவைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோவைக் குற்றாலத்திலும் சாடிவயலிலும் வெள்ளம் என்று செய்தி வரும். நாங்கள் மழை மறைவில் இருப்பவர்கள்; எங்களுக்குக் காற்றுதான். மேலே குளங்கள் நிரம்பினபிறகு மிச்சம் இருந்தால் புதுத் தண்ணீர் எங்கள் வரை வரும். சில வருடங்களில் வருவதே இல்லை. வரும்போதும் அதன் முன்னால் கோவையின் கழிவும் திருப்பூரின் கழிவும் தள்ளிக்கொண்டு வரும்.

ஐப்பசி, கார்த்திகைதான் எங்கள் மழைக்காலம். ஆறு இரு கரையும் தொட்டு, செம்மண் நிறத்தில் போகும். அப்போது மீட்டரை இறக்கினால் ஐந்நூறுக்கும் கீழே காட்டும் நாட்கள் உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. "குடிநீர் அளவுக்கே வந்துவிட்டது பார்" என்று ஊரில் எல்லாரும் சொல்லத் தொடங்குவார்கள். கேட்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

எங்கள் ஊராட்சியில், வீடுகளுக்குக் குழாய்க் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ்த் தண்ணீர் பரிசோதனைக்குப் பயிற்சி பெற்ற பெண்களில் நானும் ஒருத்தி. பரிசோதனைக்குத் தரும் பெட்டியில் ஒரு சின்னக் குப்பி வரும். கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். மலக்கிருமிகளோடு சேர்ந்து வரும் பாக்டீரியாக்கள் இருந்தால் உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகித் தண்ணீர் கறுத்துவிடும். கார்த்திகை வெள்ளத்தில் ஒரு வாளி மொண்டு, அதே தண்ணீரில் மீட்டரையும் வைத்தேன், குப்பியையும் நிரப்பினேன். மீட்டர் அந்த வருடத்திலேயே குறைந்த எண்ணைக் காட்டியது. குப்பியைச் சமையலறை அலமாரியில் அடுப்புப் பக்கம் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் காப்பி போட எழுந்தபோதே அது கறுத்திருந்தது. பயிற்சியில் சொன்ன நேரம்கூட ஆகவில்லை. கோடைத் தண்ணீரிலும் குப்பி கறுக்கத்தான் செய்கிறது. ஆனால் இவ்வளவு வேகமாகக் கறுத்து நான் பார்த்ததில்லை.

காரணம் எளிது. மழை உப்பைக் கரைத்து நீர்க்கச் செய்கிறது; அதே மழைதான் நிரம்பிய கழிவுநீர்த் தொட்டிகளையும் திறந்த சாக்கடைகளையும் ஆற்றங்கரைக் குப்பைகளையும் கழுவிக் கொண்டுவருகிறது. படுகையில் படிந்த சேற்றையும் கிளறிவிடுகிறது. உப்புக் கணக்கில் ஆறு மிக நன்றாக இருக்கும் அதே வாரத்தில் கிருமிக் கணக்கில் மிக மோசமாக இருக்கலாம். வெள்ளம் பார்க்கப் போகும் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் கைகால்களை நனைத்துவிட்டு வந்து அதே கையோடு சாப்பிட உட்காருகிறார்கள். மீட்டரைக் கையில் வைத்திருக்கிற யாரும் அந்த வாரத்தில் அதன் எண்ணைச் சொல்லி யாருக்கும் தைரியம் கொடுத்துவிடாதீர்கள்.

வெள்ளம் வடிந்தபின் வருகிற தை, மாசி மாதங்களில்தான் இந்தக் கருவி எனக்கு மிக அதிகம் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆறு பார்க்க அழகாக இருக்கும். மண் நிறம் போய், அடியில் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்து ஓடும். கொக்கு, நாரை எல்லாம் வந்து நிற்கும். சேறாக ஓடிய கார்த்திகைத் தண்ணீரைவிட இந்தத் தெளிந்த தண்ணீரில் எண் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூட வந்தது. முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். எண் மாறவில்லை. கரையோரமாகப் பாறை இடுக்கிலிருந்து நீர் கசிந்து வரும் இடத்தில் ஒரு கோப்பையில் பிடித்து அளந்தேன். நடு ஆற்றைவிட அங்கே இன்னும் அதிகம்.

மழைக்காலத்தில் ஆறு நிலத்துக்குள் இறங்கும். மழை விட்டபின் நிலத்திலிருந்து ஆற்றுக்கு நீர் திரும்பும். எங்கள் நிலத்தடியில் பல ஆண்டுகளாக இறங்கிய சாயக் கழிவின் உப்பு இன்னும் இருக்கிறது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும்: சாதாரண உப்போ, சோடியம் சல்பேட்டோ. துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியே வரும். வெறும் சுண்ணாம்பு போட்டுத் தெளியவைக்கும் பழைய சுத்திகரிப்பில் நிறமும் சேறும் குறையும், உப்பு குறையாது. சவ்வு வழியே பிழிந்து, மிஞ்சியதை ஆவியாக்கி உப்பைத் தனியே எடுத்தால்தான் போகும். பொது சுத்திகரிப்பு நிலையங்களில் இன்றைக்கு அதைத்தான் செய்கிறார்கள். எடுத்த உப்புக் கரைசலையே சாயம் போடத் திரும்பவும் பயன்படுத்துகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளின் உப்பு எங்கள் மண்ணுக்குள் போய்விட்டது. தை மாதத்தில் ஆற்றில் எண் ஏறினால், அது அன்றைக்கு யாரோ திறந்துவிட்டதாக இருக்க வேண்டியதில்லை. எப்போதோ இறங்கியது இப்போது வெளியே வருவதாகவும் இருக்கலாம். வழக்கு முடிந்துவிட்டதால் ஆற்றின் நோயும் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் மாசி மாதத்தில் ஒருமுறை இந்தப் பக்கம் வந்து ஒரு கோப்பைத் தண்ணீரை அளந்து பார்க்க வேண்டும்.

கோவைக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது மீட்டரையும் எடுத்துப்போனேன். மலையடிவாரத்தில், மழைக்குப் பின், எண் ஐம்பதைத் தொடவில்லை. நொய்யல் இப்படியும் இருக்கும் என்று என் மகளுக்குக் காட்ட முடிந்தது. பேரூரில் படித்துறைப் பக்கம் கொஞ்சம் கூடியது. நகரத்தைக் கடந்தபின் துர்நாற்றம் தாங்கவில்லை, துணி துவைக்கும் சோப்பின் நுரை மிதந்தது, ஆனால் எண் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. இதுவும் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வீட்டுக் கழிவுநீரில் உப்பு அவ்வளவு ஏறுவதில்லை. குழாயில் வந்த தண்ணீரைவிடச் சில நூறு கூடும், அவ்வளவுதான். கோவைக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. அதில் உப்பு மிகக் குறைவு. அதனால் அந்த ஊரின் சாக்கடையும் எங்கள் ஊர்க் கிணற்றைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும். எந்தத் தண்ணீர் மேல் என்று மீட்டரிடம் மட்டும் கேட்டால் சாக்கடையைத்தான் சொல்லும்.

ஆகவே இந்தக் கருவி எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். சாய ஆலை உப்பு, உப்பேறிய நிலத்தடி நீர், கோடையில் சுண்டிய குட்டை, இவற்றைப் பிடிக்கும். வீட்டுக் கழிவு, கிருமி, ஆக்சிஜன் பற்றாக்குறை, பூச்சிமருந்து, சாயத்தின் நிறம், இவற்றைப் பிடிக்காது. கரைந்திருக்கும் உப்பில் சோடியம் எவ்வளவு என்றும் சொல்லாது. விவசாயிக்கு அது முக்கியம். சோடியம் அதிகமான தண்ணீர் களிமண்ணை இறுக்கிக் கட்டாந்தரையாக்கிவிடும். அதற்கு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆய்வகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீட்டர் சரிதானா என்று பார்க்க, ஒரே வாளித் தண்ணீரைப் பாதி இங்கே அளந்துவிட்டு மீதியை ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன். எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. பெருக்கு எண்ணைக் கணக்கில் எடுத்தால் நன்றாகவே பொருந்தியது. ஆனால் அறிக்கையில் தண்ணீர் எடுத்த தேதியே இல்லை. அறிக்கை தயாரித்த தேதி மட்டும் இருந்தது. நான் குப்பியின் மேல் எழுதி ஒட்டியிருந்த இடம், தேதி, நேரம் எதுவும் அந்தத் தாளில் ஏறவில்லை. இடையில் ஒரு பெரிய மழை பெய்திருந்தது. அந்தத் தாளைப் பார்க்கிற யாரும் அது மழைக்குப் பிந்தைய தண்ணீர் என்றுதான் நினைப்பார்கள். திரும்பக் கேட்டு எழுதி வாங்கினேன். நீங்களும் வாங்காமல் வராதீர்கள்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. ஒவ்வொரு முறையும் மழைத் தண்ணீரிலோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரிலோ முனைகளை அலசி உதறி வைக்க வேண்டும். ஆற்றுச் சேறு காய்ந்து ஒட்டிவிட்டால் அடுத்த எண் தவறாக வரும். கருவி வெப்பநிலைக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அது உண்மைதான், ஆனால் உடனே நடக்காது. ஒரு டிகிரிக்குச் சுமார் இரண்டு சதவீதம் கடத்துத்திறன் மாறும். வெயிலில் சட்டைப் பையில் சூடாகக் கிடந்த மீட்டரை நேரே தண்ணீரில் விட்டு முதல் எண்ணைப் படிக்காதீர்கள். அதே தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, எண் அசையாமல் நின்றபின் படியுங்கள். உள்ளே இருப்பது கடிகார பேட்டரி மாதிரி இரண்டு வட்டு பேட்டரிகள், எந்த ஊரிலும் கிடைக்கும். தலைப்பகுதிக்குள் தண்ணீர் போனால் முடிந்தது. ஆற்றில் கை நழுவ விடாதபடி ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

எண்ணை எழுதி வைக்க நான் பால் கணக்கு நோட்டைத்தான் பயன்படுத்துகிறேன். தேதி, நேரம், இடம், கடைசி மழை என்று, தண்ணீர் நின்றதா ஓடியதா, நிறம், வாசனை, வெப்பநிலை, பிறகுதான் மீட்டரின் எண். எப்போதும் ஒரே பாலம், ஒரே பக்கம். இடத்தை மாற்றினால் புதிய பக்கம் தொடங்க வேண்டும். இரண்டு மழைக்காலம் எழுதிவிட்டால் உங்கள் ஆற்றைப் பற்றி அதிகாரிகளோடு நேருக்கு நேர் பேசலாம். கிணற்றுக்கும் இதேதான்: மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. மாட்டுக்குக் காட்டும் தண்ணீரும் மூவாயிரத்தைத் தாண்டினால் நான் தொட்டியில் மழைத் தண்ணீர் கலந்துதான் விடுகிறேன்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது அந்த ×10-க்காக. ஆற்றில் குளிப்பதற்கோ குடிப்பதற்கோ தண்ணீரைச் சோதிக்க நினைப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது அந்தக் கறுக்கும் குப்பி. பயிருக்கும் கிணற்றுக்கும் என்றால் வாங்குங்கள். வாங்கும்போது கருவியைச் சரிபார்க்கும் உப்புக் கரைசலும் கேளுங்கள். பெரும்பாலும் 342 என்று எண் போட்ட சின்னப் பாட்டிலாக வரும். எனக்கு அனுப்பியவர்கள் அதை வைக்கவில்லை, கேட்டபோது தேவையில்லை என்றார்கள். தேவைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீட்டரை அதில் விட்டுப் பார்த்து, 342 காட்டாவிட்டால் பின்பக்கத் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பாட்டில் இல்லை என்று சொல்லும் கடையில் மீட்டரையும் வாங்காதீர்கள்.